ஸ்கொத்லாந்து வீரனும் காதற் கதையும்

ஆங்கில நூல்கள் விற்கும் கடைகளிலே ஒருவகை நாவலைக் காணலாம். அட்டையிலே ஒரு மலைச்சாரல். அதன் உச்சியில் மூடுபனி கவிந்த கோட்டை. முன்னே, கட்டங்கட்டமான கம்பளித் துணியை இடையிற் சுற்றி, நெடுவாள் தாங்கி நிற்கும் வீரன் ஒருவன். உள்ளே புரட்டினால், காலம் பன்னிரண்டாம் நூற்றாண்டாகவோ பதினான்காம் நூற்றாண்டாகவோ இருக்கும். இடம் ஸ்கொத்லாந்தின் மலைநாடு. அவ்வீரனை மணக்க மனமில்லாத ஒரு பெண் இறுதியில் அவனையே விரும்பி ஏற்பது கதை. இத்தகைய நாவல்கள் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. எழுதுவோரிலும் படிப்போரிலும் பெரும்பாலார் பெண்கள்.

அறிஞர் பலர் இவற்றை இலக்கியமென்று கொள்வதில்லை. பொழுதுபோக்கு நூல்கள் என்று ஒதுக்கிவிடுவர். ஒதுக்குதல் எளிது. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. இடைக்கால ஐரோப்பாவில் வீரர்க்குப் பஞ்சமில்லை. பிரான்சிலும் இருந்தனர், ஜேர்மனியிலும் இருந்தனர், ஸ்பானியாவிலும் இருந்தனர். குளிரும் வறுமையும் மிக்க சிறு நாடாகிய ஸ்கொத்லாந்து காதற் கதைக்கு இத்தனை தலைவர்களை வழங்குவானேன்? அவர்களிடத்து வாசகர் தேடுவது யாது? தேடுவது கிடைக்கின்றதா?

விடை காண்பதற்கு முதலில் இக்கதைகள் பிறந்த காலத்தை நோக்குதல் வேண்டும். ஸ்கொத்லாந்து மலைநாட்டு மக்கள் தம் குலத் தலைவர்களின் கீழ்ப் படைதிரட்டிப் போரிடும் வல்லமையோடு விளங்கிய நாளில், அவர்களைப் பற்றி எவரும் காதற் கதை எழுதவில்லை. தென்பகுதிச் சமவெளியினர் அவர்களை ஆநிரை கவரும் முரடர் என்றே கருதினர்; இங்கிலாந்தினர் அஞ்சினர். 1746ஆம் ஆண்டு ஏப்பிரல் 16ஆம் நாள் கலொடன் வெளியில் நடந்த போர் அந்த அச்சத்துக்கு முடிவு கட்டியது. ஒரு மணி நேரத்துக்குள்ளே மலைநாட்டுப் படை அழிந்தது. அவ்வாண்டிலேயே மலைநாட்டு உடையை ஆடவர் அணியலாகாதென்று சட்டம் இயற்றப்பட்டது. குலத் தலைவர்கள் நீதி வழங்கும் பரம்பரை உரிமையும் பறிக்கப்பட்டது. உடைத் தடை நீங்கியது 1782ஆம் ஆண்டிலேதான். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அவ்வுடையை அங்கே தடையின்றி அணிந்தோர் பிரித்தானியப் படையிற் சேர்ந்த மலைநாட்டு வீரர்களே.

அஞ்சப்பட்டவன் வீழ்ந்த பின்னர் அழகுடையவன் ஆகின்றான். வென்றவர்க்கு அவன்மேல் ஓர் ஆசை பிறக்கின்றது. தோற்றவர்க்கு ஓர் ஏக்கம் பிறக்கின்றது. இவ்விரண்டும் கலந்த காலத்திலேதான் ஸ்கொத்லாந்து வீரன் நாவலுக்குள் அடியெடுத்து வைத்தான்.

அவனை அழைத்து வந்தவர் ஒரு பெண்மணி என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி. வரலாற்று நாவலின் தந்தையென்று சேர் வோல்ட்டர் ஸ்கொட்டைப் போற்றுதல் வழக்கம். அவருடைய முதல் நாவலாகிய 'வேவர்லி' வெளிவந்தது 1814ஆம் ஆண்டில். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1810ஆம் ஆண்டில், ஜேன் போட்டர் என்பார் 'ஸ்கொத்லாந்துத் தலைவர்கள்' என்னும் நாவலை வெளியிட்டுவிட்டார். இங்கிலாந்தின் டேர்ஹாம் நகரிலே பிறந்த அவர், இளமையில் எடின்பரோ நகரிலே வளர்ந்தவர். ஆங்கே முதிய பெண்ணொருத்தி சொல்லக் கேட்ட கதைகளே வில்லியம் வொலஸ் என்னும் வீரனை அவர் நெஞ்சிற் பதித்தன. ஒரு கிழவி சிறுமிக்குச் சொன்ன கதை, அச்சிறுமி வளர்ந்தபின் நாவலாயிற்று. இன்று அங்காடியில் அடுக்கிவைக்கப்படும் நூல்களுக்கு அதுவே மூத்த தாய் எனலாம்.

வொலஸ் கதைக்கு மிகவும் வாய்ப்பான தலைவன். 1297ஆம் ஆண்டில் லனாக் நகரின் ஆங்கில அதிகாரியைக் கொன்று வரலாற்றுக்குள் நுழைகின்றான். அவ்வாண்டு செப்டெம்பர் 11ஆம் நாள் ஸ்டேர்லிங் பாலத்தருகே ஆங்கிலப் படையை முறியடிக்கின்றான். அடுத்த ஆண்டு போல்கேர்க் போரிலே தோற்கின்றான். 1305ஆம் ஆண்டு ஓகஸ்ட் 23ஆம் நாள் இலண்டன் மாநகரிற் கொடிய முறையிலே கொல்லப்படுகின்றான். இவ்வளவே திண்ணமாக அறியக்கிடப்பது. அவன் பிறந்த ஆண்டு தெரியாது. இளமை வாழ்க்கை தெரியாது. மனைவியை ஆங்கிலேயர் கொன்றமையாலேயே அவன் வாளெடுத்தான் என்னும் கதையை, அவன் இறந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின் பாடிய அந்தகக் கவி ஹரியின் காவியத்திலேதான் காண்கிறோம். வரலாறு வாய்மூடிய இடத்தைப் புலவன் காதலால் நிரப்பினான். புலவன் விட்ட இடத்தை நாவலாசிரியை நிரப்பினார்.

றொபேட் புறூஸின் கதை வேறு வகையானது. அங்கே செய்திகள் நிறைய உள்ளன. 1306ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் டம்பிரீஸ் நகரத் தேவாலயத்திலே தன் போட்டியாளனாகிய ஜோன் கொமினைக் குத்தினான் புறூஸ். தெய்வ சந்நிதியில் இரத்தம் சிந்திய பாவம் அவனைச் சேர்ந்தது. அடுத்த மாதமே ஸ்கூன் என்னுமிடத்தில் முடிசூடினான். சில மாதங்களுக்குள் படையிழந்து, நாடிழந்து, காடும் தீவும் புகுந்தான். தம்பியர் மூவர் கொலைக்களம் புகுந்தனர். மனைவியும் மகளும் சிறைப்பட்டனர். எட்டு ஆண்டுகளின் பின், 1314ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பனொக்பேர்ண் போரிலே தன்னினும் பெரிய ஆங்கிலப் படையை வென்றான். பாவம், தண்டனை, அலைவு, மீட்சி என்னும் நான்கும் ஒருங்கே அமைந்த வாழ்வு அது. மொனிக்கா மக்கார்ட்டி என்னும் ஆசிரியை 2010ஆம் ஆண்டு தொடங்கிய நாவல் வரிசை இப்புறூஸின் போர்க்காலத்தையே களமாகக் கொண்டுள்ளது.

ஆயினும் வீரம் ஒன்றே காரணமாயின், போர்க்கதைகளே போதும். காதற் கதை வேண்டியதில்லை. வாசகர் நெஞ்சைக் கவர்வது யாதென்று அறிய, இக்காலத்தில் பெரும் புகழ் பெற்ற ஒரு நாவலை எடுத்து நோக்கலாம். அமெரிக்க ஆசிரியை ஜூலி கார்வூட் 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மணமகள்' என்னும் நூல் அது. கதை பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்கின்றது. ஆங்கிலப் பிரபு ஒருவருக்குப் பெண் மக்கள் பலர். அவர்களுள் ஒருத்தியை மணந்துகொள்ளும்படி அரச கட்டளை பெற்று, அலெக் கின்கேட் என்னும் மலைநாட்டுத் தலைவன் வருகின்றான். முதல் மனைவியைக் கொன்றவன் என்னும் வதந்தி அவனுக்கு முன்னே வந்துவிடுகின்றது. இளைய மகள் ஜேமி அவனுக்கு உரியவளாகின்றாள். அவளுடைய விருப்பத்தை எவரும் கேட்கவில்லை.

இங்கேதான் கதையின் உயிர்நாடி இருக்கின்றது. பகைவர் நாடு, அஞ்சத்தக்க கணவன், ஐயத்தோடு பார்க்கும் சுற்றம் என்னும் மூன்று சுவர்களுக்குள்ளே ஒரு பெண் தன்னந்தனியே விடப்படுகின்றாள். அவளிடம் படையில்லை; பொருளில்லை; திரும்பிச் செல்லும் வழியுமில்லை. அறிவும் அன்பும் நாவன்மையுமே அவள் கருவிகள். அவற்றைக்கொண்டு அந்தக் கோட்டையை அவள் வெல்கின்றாள். வாளால் எவர்க்கும் பணியாத தலைவன் அவள் சொல்லுக்குச் செவிசாய்க்கக் கற்கின்றான். மணமகளாகப் புகுந்த வீட்டிலே தன் இடத்தைத் தேடிய அனுபவம் உலகெங்கும் பெண்களுக்கு உண்டு. ஆதலால் கோட்டையும் மூடுபனியும் வேற்று நாட்டினவாயினும், அவள் அச்சம் வாசகிக்கு வேற்றுமையாகத் தோன்றுவதில்லை.

அதே ஆசிரியை 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மறைபொருள்' என்னும் நாவல் இன்னும் நுட்பமானது. ஆங்கிலச் சிறுமி ஒருத்தியும் ஸ்கொத்லாந்துச் சிறுமி ஒருத்தியும் எல்லைப்புற விழாவொன்றிற் சந்தித்துத் தோழியராகின்றனர். ஸ்கொத்லாந்துச் சிறுமியின் தாயும் பாட்டியும் மகப்பேற்றிலே மாண்டவர்கள். அந்த அச்சம் அவளை விட்டகலவில்லை. "உன் பேறுகாலத்தில் நான் உன்னருகே இருப்பேன்" என்னும் பொருள்படத் தோழி வாக்களிக்கின்றாள். ஆண்டுகள் சென்றபின், அந்த வாக்கைக் காப்பதற்காகவே பகைநாட்டு மலைகளைக் கடந்து போகின்றாள். வீரனைச் சந்திப்பது அதன்பின் நிகழ்வது. கதையை நடத்துவது இரண்டு பெண்களுக்கிடையே நின்ற வாக்குறுதி. மகப்பேற்றிற் பெண்கள் மாண்டமை இடைக்காலத்தின் மெய்யான துயரம். போர்க்கதைகள் அதனைப் பேசுவதில்லை. இந்தக் காதற் கதை பேசுகின்றது.

ஆக, வாசகர் தேடுவது வாளினும் மேலாக வாக்கையே எனலாம். தன் சொல்லுக்குக் கட்டுப்பட்ட வலியவன் ஒருவன் அவர்களுக்கு வேண்டும். மலைநாட்டுக் குல வாழ்க்கை அதற்கு இயல்பாகவே இடங்கொடுக்கின்றது. குலத்தைக் குறிக்கும் 'கிளான்' என்னும் சொல், கேலிக் மொழியிலே 'மக்கள்' என்று பொருள்படும். பெற்ற பிள்ளைகளைக் குறிக்கும் சொல் அது. தலைவன் தந்தை, குலத்தவர் பிள்ளைகள். அவனுடைய சொல்லே ஆவணம். ஒருவரை ஒருவர் அறியாத பெருநகரிலே, ஒப்பந்தமும் கையெழுத்தும் பார்த்து வாழும் வாசகர்க்கு, எல்லாரும் எல்லாரையும் பெயர்சொல்லி அழைக்கும் அந்தக் குடியிருப்பு ஓர் ஆறுதலாகத் தோன்றுதல் வியப்பன்று.

இனி, இந்த ஆறுதலின் விலை யாது என்பதையும் கேட்டல் வேண்டும். நாவலின் வீரன் அணியும் உடையே முதற் பொய். இடையிற் சுற்றித் தோளில் ஏற்றும் அந்தக் கம்பளி உடையைப் பற்றிய தெளிவான குறிப்புகள் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் கிடைக்கின்றன. இடுப்பளவில் மடித்துத் தைத்த 'கில்ட்' பதினெட்டாம் நூற்றாண்டுக்குரியது. வொலஸும் புறூஸும் ஆங்கில வீரரைப் போலவே இரும்பு வளையங்களாலான கவசம் பூண்டவர்கள். 1995ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிரேவ்ஹார்ட்' திரைப்படம் வொலஸுக்குக் கில்ட் உடுத்தி அப்பிழையை உலகெங்கும் பரப்பிற்று. குலத்துக்கொரு நிறக்கட்டம் என்னும் ஒழுங்கோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நிலைபெற்றது. 1822ஆம் ஆண்டு நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு எழுந்தருளியபோது, வரவேற்பை வகுத்தமைத்தவர் வோல்ட்டர் ஸ்கொட்டே. மன்னரே கில்ட் அணிந்து தோன்றினார். ஒருகாலத்தில் தடுக்கப்பட்ட உடை, அரச உடையாயிற்று.

இரண்டாவது பொய் மொழியைப் பற்றியது. மலைநாட்டு வீரன் கேலிக் மொழி பேசியவன். நாவல்களிலோ, அவன் காதலியைக் கொஞ்சுதற்கு வழங்கும் சொற்கள் பெரும்பாலும் தென்பகுதிச் சமவெளியினரின் ஸ்கொட்ஸ் மொழிக்குரியவை. அவனை வீரனாக்கிய கதைகள், அவன் நாவிலிருந்த மொழியை எடுத்துவிட்டன. 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, ஸ்கொத்லாந்திலே கேலிக் பேச வல்லவர் ஏறக்குறைய 57,000 பேரே. நூறு பேரில் ஒருவர் என்பது அதன் பொருள்.

அரசர் கில்ட் அணிந்து மகிழ்ந்த அதே தலைமுறையிலேதான், மலைநாட்டின் வடகோடியாகிய சதர்லாந்துப் பகுதியில் குடியானவர்கள் வீடிழந்தனர். 1814ஆம் ஆண்டிலும் 1819ஆம் ஆண்டிலும் ஸ்திராத்நேவர் பள்ளத்தாக்கிலே, ஆட்டுப் பண்ணைகளுக்கு இடமளிப்பதற்காக மக்கள் வெளியேற்றப்பட்டனர், கூரைகள் எரிந்தன. வெளியேற்றியவர்கள் அந்நியப் படையினர் அல்லர். அந்நிலத்தின் பரம்பரை உரிமையாளரின் முகவர்கள். பிள்ளைகளைப் போலக் குலத்தைக் காப்பவன் என்று நாவல்கள் போற்றும் தலைவர்களின் வழித்தோன்றல்களுட் பலர், வாடகைக் கணக்கைப் பார்த்தபோது அந்தப் பழைய வாக்கை மறந்தனர். கதையிலே வாக்கு இத்துணை உறுதியாக நிற்பதற்கு ஒரு காரணம், வாழ்க்கையிலே அது முறிந்தமைதான் போலும்.

வோல்ட்டர் ஸ்கொட் இதனை உணராதவர் அல்லர். 1828ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'பேர்த் நகர் அழகி' என்னும் நாவல், 1396ஆம் ஆண்டில் உண்மையாகவே நடந்த ஒரு போரைப் பற்றியது. பேர்த் நகரத்துப் புல்வெளியிலே, மூன்றாம் றொபேட் மன்னன் முன்னிலையில், இரண்டு குலத்தார் பக்கத்துக்கு முப்பது பேராக நின்று வெட்டி மடிந்தனர். இந்தக் களத்திலே ஸ்கொட் படைத்த இளந்தலைவன் இன்றைய நாவல்களின் இரும்பு மனிதன் அல்லன். உள்ளத்தில் அச்சத்தை மறைத்துக்கொண்டு, குலத்தின் எதிர்பார்ப்பைச் சுமக்கமாட்டாமல் தவிக்கும் ஓர் இளைஞன் அவன். வளர்ப்புத் தந்தை தன் மக்களை ஒருவர்பின் ஒருவராக அவனுக்காகப் பலிகொடுக்கின்றான். இறுதியில் அவனோ களத்தைவிட்டு ஓடுகின்றான். தம் தம்பி ஒருவரின் கோழைமையை ஒருகால் கடுமையாக வெறுத்தமைக்குக் கழுவாயாகவே அப்பாத்திரத்தைப் படைத்ததாக ஸ்கொட் பின்னர்க் கூறினார். வீரனாக இருக்கவேண்டும் என்னும் கட்டாயம் ஓர் ஆண்மகனை எவ்வாறு நொறுக்கும் என்பதை அந்நாவல் காட்டுகின்றது. பின்வந்த காதற் கதைகள் வோல்ட்டர் ஸ்கொட்டின் மலைகளை எடுத்துக்கொண்டன. அந்த இளைஞனை விட்டுவிட்டன.

பெண்களின் நிலைக்கு வருவோம். அரச கட்டளையால் நடக்கும் மணம் வெறுங் கற்பனையன்று. நிலவுடைமையாளர் ஒருவர் ஆண் வாரிசின்றி இறந்தால், பருவம் வராத அவர் மகளின் திருமணத்தை முடிவுசெய்யும் உரிமை மேற்பிரபுவுக்கு இருந்தது. அவ்வுரிமை விலைக்கும் விற்கப்பட்டது. எனினும், மணத்துக்கு மணமக்களின் சம்மதமே அடிப்படை என்னும் கொள்கையைத் திருச்சபை பன்னிரண்டாம் நூற்றாண்டிலே நிலைநாட்டியது. சட்டம் ஏட்டில் வழங்கிய சம்மதத்தை, வாழ்க்கை பெரும்பாலும் வழங்கவில்லை. அந்த இடைவெளியிலேதான் காதல் நாவல் தன் வீட்டைக் கட்டியிருக்கின்றது. கேட்கப்படாத பெண்ணின் சம்மதத்தை, முந்நூறு பக்கம் செலவிட்டு, பொறுமையோடு கேட்பதே அதன் வேலை. இதனை அற்பமென்று தள்ளுதல் முறையாகாது.

ஆனால், அக்காலத்துப் பெண்களைக் கற்பனையிலே மாத்திரம் தேடவேண்டியதில்லை. 1338ஆம் ஆண்டில், டன்பார் கோட்டையைக் கணவன் இல்லாதவேளையிலே ஐந்து மாதங்கள் காத்து நின்றாள் ஆக்னஸ் சீமாட்டி. ஆங்கிலேயர் எறிந்த கற்கள் மதிலைத் தாக்கும்போதெல்லாம், தாதியரை அனுப்பி அவ்விடத்தைக் கைக்குட்டையால் தூசி துடைக்கச் செய்தாள் என்பது வழிவழி வரும் செய்தி. முற்றுகையிட்ட சோல்ஸ்பரிப் பிரபு முடிவிலே கைவிட்டுத் திரும்பினான்.

இன்னொருத்தி பக்கன் சீமாட்டி இசபெல்லா. ஸ்கொத்லாந்து மன்னனை அரியணையில் அமர்த்தும் பரம்பரை உரிமை அவள் பிறந்த பைவ் குடும்பத்துக்குரியது. அக்குடும்பத் தலைவன் ஆங்கிலேயர் கையில் இருந்தான். அவள் கணவனோ, புறூஸ் கொன்ற கொமினின் உறவினன். கணவனை மீறி, 1306ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே ஸ்கூனுக்கு விரைந்து வந்து, தன் குடும்பத்தின் உரிமையைத் தானே நிறைவேற்றிப் புறூஸை அமர்த்தினாள். சில மாதங்களிற் பிடிபட்டாள். ஆங்கில மன்னன் முதலாம் எட்வேட் அவளைப் பெறிக் கோட்டையிலே கூண்டொன்றில் அடைக்கக் கட்டளையிட்டான். நான்கு ஆண்டுகள் அந்நிலையில் இருந்தாள். 1310இல் துறவியர் மடம் ஒன்றுக்கு மாற்றப்பட்டாள். 1313ஆம் ஆண்டுக்குப் பின் அவளைப் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு பனொக்பேர்ண் வெற்றியின் பின், சிறையிலிருந்த புறூஸின் மனைவியும் மகளும் நாடு திரும்பினர். திரும்பியவர்களுள் இசபெல்லாவின் பெயர் இல்லை.

வரலாற்று நாவல் என்னும் இவ்வடிவம் ஆங்கிலத்தின் வழியே தமிழுக்கும் வந்தது. திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மோகனாங்கி' தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கொள்ளப்படுகின்றது. நாயக்க மன்னர் காலத்தைக் களமாகக் கொண்டு எழுந்த அந்நூலுக்குப் பின், கல்கி முதலியோரின் நாவல்கள் பல்லாயிரம் வாசகரைப் பழைய அரசர்களின் காலத்துக்கு அழைத்துச் சென்றன. ஆகவே, ஸ்கொத்லாந்து வாசகர் முன்னுள்ள வினா தமிழ் வாசகர்க்கும் பொதுவானது. கதையின் இனிமையிலே வரலாறு கரைந்துபோகலாமா, அன்றிக் கதை வரலாற்றுக்கு வழிகாட்ட வேண்டுமா?

காதற் கதையைப் படிப்பதிற் குற்றமில்லை. தோற்ற மக்களுக்கு வெற்றியையும், கேட்கப்படாத பெண்களுக்குச் சொல்லையும் அது கற்பனையிலாவது வழங்குகின்றது. நூலை மூடியபின், அந்த மலைகளில் வாழ்ந்தோர் எங்கே சென்றனர், அவர்கள் மொழி என்னவாயிற்று என்று வாசகர் கேட்பாராயின், கதை தன் கடனைச் செய்ததாகும். அங்ஙனம் கேட்டுச் செல்பவர், பெறிக் கோட்டையின் கூண்டுவரை சென்று, 1313ஆம் ஆண்டோடு ஏடு நின்றுபோவதைக் காண்பர். இசபெல்லா வீடு திரும்பினாளா என்பதற்கு வரலாற்றிலே விடையில்லை. அவள் திரும்பியிருக்கவேண்டும் என்று நெஞ்சு விரும்புகின்றது. அந்த விருப்பத்திலிருந்தே, இருநூறு ஆண்டுகளாக, ஸ்கொத்லாந்து வீரனின் காதற் கதைகள் பிறந்துகொண்டிருக்கின்றன.